பட்டம் வாங்கினால் குடும்பம் மேலே வந்துவிடுமா?

மதுரையில் எந்த டீக்கடையில் நின்றாலும் இரண்டு வசனங்கள் காதில் விழும். "புள்ளைய மட்டும் படிக்க வச்சிருப்பா, மத்ததெல்லாம் தானா வரும்" என்பது ஒன்று. "படிச்சு என்னத்தக் கண்டான், பி.இ. முடிச்சுட்டு டெலிவரி பையத்தான மாட்டிக்கிட்டு அலையுறான்" என்பது இன்னொன்று. பல நேரம் இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டுக்கும் அவர் தெருவிலேயே ஆதாரம் இருக்கிறது.

கல்வியால் குடும்பம் முன்னேறுகிறதா என்ற கேள்விக்குள் வேறு பல கேள்விகள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் பேசினால் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் பொய்யாகத்தான் தெரியும். சமூகவியலும் பொருளியலும் இதை எப்படிப் பிரித்துப் பார்க்கின்றன என்பதைச் சூத்திரம் எதுவும் இல்லாமல், நம்ம ஊரை வைத்தே பார்க்கலாம்.

வர்க்கம் என்று எதைச் சொல்கிறோம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர், நல்ல முகூர்த்த நாட்களில் ஒரு பள்ளி ஆசிரியரைவிட அதிகம் சம்பாதித்துவிடலாம். முகூர்த்தமே இல்லாத மாதத்தில் வியாபாரம் படுத்துவிடும். ஆசிரியருக்கோ எந்த மாதமானாலும் சம்பளம் வந்துவிடும். சம்பளச் சீட்டைக் காட்டி வங்கியில் வீட்டுக் கடனும் வாங்கிவிடலாம். அதே மார்க்கெட்டில் உட்கார்ந்து பூக்கட்டும் பெண்ணுக்கு அந்த லாபமும் இல்லை, இந்த நிலைத்தன்மையும் இல்லை.

எவ்வளவு வருகிறது, நிலையாக வருகிறதா, கையில் என்ன சொத்து இருக்கிறது, வேலையிடத்தில் யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் இடத்தைத்தான் வர்க்கம் என்கிறோம். சாதியும் வர்க்கமும் ஒன்று இல்லை. ஆனால் இங்கே ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும். கீழே அது தானாகவே தலைகாட்டும்.

பெற்றோர் இருந்த இடத்துக்கும் பிள்ளை போய்ச் சேர்ந்த இடத்துக்கும் உள்ள தூரத்துக்குத் தலைமுறை நகர்வு என்று பெயர். மேலே போனாலும் நகர்வுதான், கீழே போனாலும் நகர்வுதான்.

பந்தியில் இரண்டு கணக்கு

ஒரு கல்யாணப் பந்தியை எடுத்துக்கொள்வோம். தாத்தா காலத்தில் இலையில் சோறு, சாம்பார், ரசம், ஒரு கூட்டு, அப்பளம், பாயசம். இன்று அதே ஊர் மண்டபத்தில் இலை கொள்ளாத அளவுக்கு வைக்கிறார்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்குக்கூடத் தாத்தா சாப்பிட்டதைவிட அதிகம் கிடைக்கிறது. இது ஒரு கணக்கு.

யார் முதல் பந்தி, யார் கடைசிப் பந்தி என்பது இன்னொரு கணக்கு. இலையில் ஐட்டம் கூடியதால் இந்த வரிசை மாறிவிடாது. தாத்தா கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். பேரனும் கடைசிப் பந்திதான், என்ன, இவனுக்கு ஐஸ்கிரீம் உண்டு.

முதல் கணக்குக்கு மொத்த நகர்வு என்று பெயர்: பிள்ளை பெற்றோரைவிட நன்றாக வாழ்கிறதா என்று மட்டும் பார்ப்பது. இரண்டாவது ஒப்பீட்டு நகர்வு: தன் தலைமுறை ஆட்களோடு வரிசையில் நிறுத்தினால் பிள்ளை நிற்கும் இடம், பெற்றோர் அவர்கள் காலத்தில் நின்ற இடத்தைவிட முன்னே வந்திருக்கிறதா என்று பார்ப்பது. மொத்த நகர்வு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒப்பீட்டு நகர்வில் அதற்கு வழியே இல்லை. ஒருவர் முன்னே வந்தால் இன்னொருவர் பின்னே போயே ஆகவேண்டும்.

டீக்கடையின் முதல் வசனம் பெரும்பாலும் மொத்த நகர்வைப் பற்றியது. இரண்டாவது வசனம் ஒப்பீட்டு நகர்வைப் பற்றியது. அதனால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிகிறது.

மொத்த நகர்வைக் கல்வி மட்டுமே கொண்டுவந்துவிடாது. பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவைப் பற்றிச் செய்த ஆய்வில், 1940இல் பிறந்தவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980இல் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான் அப்படி. இடைப்பட்ட காலத்தில் அங்கே கல்லூரிப் படிப்பு குறையவில்லை, நன்றாகவே கூடியது. வளர்ச்சியின் வேகமும் அதன் பலன் யார் கைக்குப் போகிறது என்பதும்தான் மாறியிருந்தன.

மதுரைக்கும் இது பொருந்தும். காமராஜர் ஆட்சியில் கிராமத்துக்குக் கிராமம் பள்ளிகள் பெருகியபோது, எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஆசிரியர் பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்கு அடுத்து திறந்த பள்ளிகளே வேலை கொடுத்தன. படித்தவரும் பெருகினார்கள், படித்தவருக்கான நாற்காலியும் பெருகியது. 1969இல் வங்கிகள் தேசியமயமான பிறகு கிளைகள் பெருகியதிலும் இதே கதைதான். நாற்காலி பெருகாமல் படித்தவர்கள் மட்டும் பெருகினால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இனி நிஜமான இயந்திரம்: மூன்று இணைப்புகள்

சமூகவியலாளர்கள் இந்த விஷயத்தை ஒரு முக்கோணமாக வரைவார்கள். ஒரு மூலையில் பிறந்த வீடு. இரண்டாவது மூலையில் படிப்பு. மூன்றாவதில் போய்ச் சேரும் வேலையும் வாழ்க்கையும். மூலைகளை இணைக்க மூன்று கோடுகள். வீட்டிலிருந்து படிப்புக்கு ஒன்று, படிப்பிலிருந்து வேலைக்கு ஒன்று, படிப்பைத் தொடாமல் வீட்டிலிருந்து நேராக வேலைக்கு ஒன்று.

கல்வி சமத்துவத்தைக் கொண்டுவர வேண்டும் என்றால் முதல் கோடு மெலிய வேண்டும்: எந்த வீட்டில் பிறந்தாலும் நல்ல படிப்பு கிடைக்க வேண்டும். இரண்டாவது கோடு தடிக்க வேண்டும்: படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்க வேண்டும். மூன்றாவது கோடு அழிய வேண்டும். மூன்றில் ஒன்று நம் பக்கம் வந்து மற்ற இரண்டும் வராவிட்டால் பலன் பாதிதான். நம் விவாதங்களில் முதல் கோட்டைப் பற்றி மட்டும்தான் பேச்சு ஓடுகிறது.

முதல் கோடு: வீட்டிலிருந்து பள்ளிக்கு

இந்தக் கோட்டைத் தடியாக வரைந்துவிடும் என்று நம் மாநிலத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்த திட்டம் ஒன்று உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டம் அது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். எதிர்த்தவர்கள் வைத்த குலக்கல்வித் திட்டம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் இந்தக் கோட்டை மெலிய வைக்கும் முயற்சிகளே. 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, இலவசப் பாடப்புத்தகம், பஸ் பாஸ், சைக்கிள். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது மதுரையில்தான், ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். உசிலம்பட்டிப் பக்கம் போனால் இன்னும் பழைய உதாரணம் உண்டு: கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் ஒரு சமூகத்தையே அடக்கிவைத்த, 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடத்திய அதே ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் தொடங்கியவை. நோக்கத்தில் கண்காணிப்பும் கலந்திருந்தது என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பள்ளிகள் வழியாக வந்து அரசு வேலைக்குப் போன குடும்பங்கள் அந்தப் பக்கம் ஏராளம்.

எல்லாம் சேர்ந்து பெரிய மாற்றத்தைச் செய்திருக்கின்றன. 1951இல் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 18 சதவீதம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 80 சதவீதம். 18 முதல் 23 வயதுள்ளோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், 2021-22இல் தமிழ்நாட்டில் உயர்கல்வியில் இருந்தவர்கள் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28 சதவீதம்தான்.

அப்படியானால் முதல் கோடு அறுந்துவிட்டதா? இல்லை. கட்டணம் போனாலும் இரண்டு விஷயங்கள் மிச்சம் இருக்கின்றன.

ஒன்று, படிக்கும் காலத்தில் இழக்கும் கூலி. பொருளியலில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட்டுப்போன இன்னொன்றின் மதிப்பு. பதினாறு பதினேழு வயதுப் பையன் சென்ட்ரிங் வேலைக்கோ பெயின்டிங் வேலைக்கோ போனால் அன்றைக்கே கையில் காசு. உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கத்துப் பையன்களை 'முறுக்கு கம்பெனி' வேலைக்கென்று வடமாநிலங்களுக்கு அழைத்துப் போகும் பழக்கத்துக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கணக்குத்தான். முன்பணம் கைக்கு வந்துவிடுகிறது, பட்டத்தின் பலனோ ஆறேழு வருஷம் தள்ளி நிற்கிறது. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், பிறகு மாணவர்களுக்கு வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் இந்த இழப்பில் ஒரு சிறு பகுதியை ஈடுகட்டுகின்றன. இதை 'சும்மா கொடுக்கும் காசு' என்று கிண்டல் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும், எந்தக் கல்லூரிக்கு மதிப்பு, ஆசிரியரிடம் எப்படிக் கேள்வி கேட்பது, நேர்காணலில் எப்படி உட்காருவது என்பதெல்லாம் படித்த வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே பிள்ளைக்கு வந்துவிடும். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதற்குப் பண்பாட்டு மூலதனம் என்று பெயர் வைத்தார். பணம்போலவே இதுவும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறும். ஆனால் பார்ப்பவர்களுக்குப் பிள்ளையின் சொந்தக் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். வசதி இங்கே திறமை வேஷம் போட்டுவிடுகிறது.

பொறியியல் கலந்தாய்வை நினைத்துப் பாருங்கள். மாநிலத்தில் 500க்கு மேல் கல்லூரிகள் இருந்த காலம் உண்டு. ஒரே கட்-ஆஃப் வைத்திருக்கும் இரண்டு பிள்ளைகள். ஒருத்தியின் அப்பா வங்கி அதிகாரி. முந்தைய வருஷங்களின் கட்-ஆஃபை வைத்து அவரே கல்லூரி வரிசையைப் போட்டுக் கொடுக்கிறார். இன்னொருத்திக்கு பிரவுசிங் சென்டர் அண்ணன் சொன்ன வரிசை. கட்டணச் சலுகை, இடஒதுக்கீடு எல்லாம் சரியாகவே வேலை செய்தும்கூட இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் சேருவார்கள் என்று சொல்ல முடியாது.

நம் அரசு இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. 2010இல் வந்த முதல் பட்டதாரி சலுகை அதற்கு அடையாளம். வீட்டில் யாருமே பட்டதாரி இல்லை என்று வருவாய்த் துறையிடம் சான்றிதழ் வாங்கினால், தொழிற்கல்விக் கலந்தாய்வில் இடம் பெற்றவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை. சாதி, வருமானம் இரண்டையும் தாண்டி, 'வீட்டில் வழி தெரிந்த ஆள் இல்லை' என்பதையே ஒரு பின்தங்கலாக அரசு ஏற்றுக்கொண்ட இடம் இது. நல்ல யோசனைதான். ஆனால் கட்டணத்தைக் குறைக்கிறதே தவிர வழி சொல்ல ஆளைத் தருவதில்லை. அப்புறம், அண்ணன் பட்டதாரி ஆகிவிட்டால் தங்கைக்குச் சலுகை கிடையாது. அண்ணன் ஒருவன் படித்துவிட்டதால் வீடே வழி தெரிந்த வீடாகிவிட்டது என்று கணக்கு வைக்கிறார்கள்போல!

ஆக, உணவும் கட்டணமும் சேர்ந்து முதல் கோட்டை நிறைய மெலிய வைத்துவிட்டன. இழக்கும் கூலியும் வழி தெரியாமையும் அதை இன்னும் பிடித்து வைத்திருக்கின்றன.

இரண்டாவது கோடு: பட்டத்திலிருந்து வேலைக்கு

படிப்பு எதற்காகச் சம்பளத்தைக் கூட்டுகிறது? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. படிப்பு திறமையைக் கூட்டுகிறது, திறமைக்குச் சம்பளம் என்பது ஒன்று. 1960களில் கேரி பெக்கர் போன்ற பொருளியலாளர்கள் விரித்துச் சொன்ன மனித மூலதனக் கொள்கை அது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் சொன்னது இன்னொன்று: வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பித்தவரின் திறமை தெரியாது. கஷ்டமான ஒரு படிப்பை முடித்திருக்கிறார் என்பதை வைத்து ஊகிக்கிறார். பட்டம் இங்கே ஓர் அடையாளக் குறி.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு பங்கு குறியாக வேலை செய்கிறதோ, அவ்வளவுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. எல்லோரிடமும் இருக்கும் குறி யாரையும் பிரித்துக் காட்டாது. ஒரே வேலைக்கு முன்பைவிடப் பெரிய பட்டம் தேவைப்படும் நிலைக்குச் சான்றிதழ் வீக்கம் என்று பெயர். ஒரு காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் குமாஸ்தா ஆகிவிடுவார். இன்றும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத்தான். ஆனால் புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், போட்டித் தேர்வுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களை விசாரித்துப் பாருங்கள். பி.இ., எம்.எஸ்சி., பி.எட். என்றுதான் பதில் வரும். பத்தாவது மட்டும் முடித்தவருக்குச் சட்டப்படி கதவு திறந்திருக்கிறது. உள்ளே இடம்தான் இல்லை.

பட்டங்களும் ஒன்றுபோல் இல்லை. ஒரு படிப்பு நிலை எல்லோருக்கும் எட்டியதும், வசதியானவர்கள் அதே நிலைக்குள் தரமான வகையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சாமுவேல் லூகாஸ் 2001இல் காட்டினார். பள்ளிக்கே போகாதவர்கள் இருந்த காலத்தில் பள்ளிக்குப் போவதே வித்தியாசம். எல்லோரும் பள்ளிக்கு வந்ததும் வித்தியாசம் மீடியத்துக்கு நகர்ந்தது. எல்லோரும் பி.இ. படித்ததும் கேம்பஸ் இன்டர்வியூ வரும் கல்லூரியா வராத கல்லூரியா என்பதற்கு நகர்ந்துவிட்டது.

இன்னொரு சிக்கலைக் கற்பனைக் குடும்பம் ஒன்றை வைத்துச் சொல்கிறேன். தாத்தா மதுரையின் பழைய நூற்பாலையான ஹார்வி மில்லில் தொழிலாளி. ஐந்தாம் வகுப்பு, ஆனால் நிரந்தர வேலை, பி.எஃப்., கிராஜுவிட்டி, பின்னால் சங்கம். பேரன் பி.இ. ஒரு கம்பெனியில் ஒப்பந்த ஊழியர், பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். படிப்பில் பேரன் எங்கோ போய்விட்டான். வர்க்கத்தில்? வெள்ளைச் சட்டை கூடியிருக்கிறது, நிலைத்தன்மை குறைந்திருக்கிறது. படிப்பு நகர்வும் வர்க்க நகர்வும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய குழப்பம்.

சரி, அப்படியானால் படிக்காமலே இருந்துவிடலாமா? சான்றிதழ் வீக்கத்தைக் காட்டி அப்படிச் சொல்பவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எல்லோரிடமும் பட்டம் இருக்கும்போது பட்டம் வைத்திருப்பதால் கிடைக்கும் லாபம் குறையும், பட்டம் இல்லாததால் வரும் நஷ்டம் கூடும்.

மூன்றாவது கோடு: வீட்டிலிருந்து நேராக

ஒரே கல்லூரி, ஒரே மதிப்பெண், இரண்டு பேர். ஒருவன் இரண்டு வருஷம் வேலை தேடாமல் தேர்வுக்குப் படிக்கலாம், வீட்டில் சோறு உண்டு. மற்றவன் கல்விக் கடனுக்காகக் கிடைத்த முதல் வேலையில் உட்கார வேண்டும். ஒருவனுக்குச் சென்னையில் சித்தப்பா வீடு இருக்கிறது. மற்றவன் மேலூரிலிருந்து போய் மேன்ஷனில் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். பட்டம் இந்த வித்தியாசத்தைத் தொடவே இல்லை.

பெயரும் இந்தக் கோட்டில்தான் வருகிறது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். மேல்சாதிப் பெயர்களோடு ஒப்பிட்டால் தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. படிப்பு ஒன்றுதான், பதில் வேறு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பட்டம் வாங்கியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பிறந்த வீட்டுக்கும் போய்ச் சேரும் இடத்துக்கும் உள்ள தொடர்பு கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது என்று அமெரிக்காவில் மைக்கேல் ஹவுட் 1988இல் கண்டார். பட்டம் பெரிய சமன்படுத்தி என்ற பேச்சுக்கு இது பலம் சேர்த்தது. 2011இல் ஃப்ளோரென்சியா டார்ச்சே பார்த்தபோது, முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்குப் போனதும் அந்தத் தொடர்பு திரும்ப எட்டிப்பார்த்தது. இதோடு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏழை வீட்டிலிருந்து பட்டம் வரை வந்து சேர்ந்தவர்கள் ஏற்கனவே பல சல்லடைகளைத் தாண்டிய ஆட்கள். அவர்களுடைய வெற்றியில் பட்டத்தின் பங்கு எவ்வளவு, அவர்களின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது சுலபம் இல்லை.

நட்பும் இங்கே சேரும். செட்டி குழுவின் 2022 ஆய்வு ஃபேஸ்புக் நட்புகளை வைத்துப் பார்த்தது. ஏழைக் குழந்தைகளுக்கு வசதியான வீட்டு நண்பர்கள் அதிகம் கிடைக்கும் ஊர்களில் மேல்நோக்கிய நகர்வும் அதிகமாக இருந்தது. "எங்க காலத்துல எல்லாரும் ஒரே பெஞ்சு" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான் நினைவூட்டுகிறது. அந்தக் காலத்தில் எல்லாச் சாதிக்கும் அந்தப் பெஞ்சில் இடம் இருந்ததா என்பது வேறு விஷயம். இன்று கட்டணமே பெஞ்சைப் பிரித்துவிடுகிறது.

ஆக மூன்று கோடுகளிலும் கல்வி நேரடியாகத் தொடுவது இரண்டைத்தான். மூன்றாவதைக் குறைக்க வீட்டு வாடகை, கடன், பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் என்று வேறு கருவிகள் வேண்டும்.

இந்தியாவில் அளந்து பார்த்தபோது

நம் நாட்டில் பெற்றோரின் பழைய வருமானத்துக்கு நம்பகமான பதிவு கிடைப்பது கடினம். அதனால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் தகப்பன் படிப்பையும் மகன் படிப்பையும் ஒப்பிடுகிறார்கள். ஆஷர், நோவோசாட், ராஃப்கின் மூவரும் அப்படிப் பார்த்ததில், 1950களில் பிறந்தவர்கள் முதல் 1980களில் பிறந்தவர்கள் வரை ஒப்பீட்டு நகர்வு நாட்டளவில் பெரிதாகக் கூடவில்லை. உள்ளே பிரித்தால் கதை வேறு. பட்டியல் சாதியினருக்கு அது கூடியிருக்கிறது, முஸ்லிம்களுக்குக் குறைந்திருக்கிறது. நகரங்களில் நகர்வு கூடுதல்.

இந்தக் கணக்கில் பெண்கள் எங்கே என்று கேட்டால் பதில் சங்கடமானது. கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போய்விடுவதால் கணக்கெடுப்புகளில் மகளைப் பெற்றோரோடு பொருத்திப் பார்ப்பது கடினம். மதுரையில் பெண்களுக்கென்று லேடி டோக் கல்லூரி 1948லேயே வந்துவிட்டது. ஆனால் பட்டம் வாங்கிய பெண்களில் பலரின் பட்டம் வேலைக்குப் போகவில்லை, ஜாதகத்தோடு போனது. அது வீணா என்றால் அப்படியும் சொல்ல முடியாது. அவர்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரப் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அம்மாவின் பட்டம் அம்மாவை நகர்த்தாமல் அடுத்த தலைமுறையின் முதல் கோட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

கீழே இறங்குபவர்கள்

ஒப்பீட்டு நகர்வு என்றால் சிலர் இறங்கியே ஆக வேண்டும் என்றேன். எந்தப் பெற்றோரும் அதற்குச் சம்மதிப்பதில்லை, சம்மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. பிள்ளை சுமாராகப் படித்தால் டியூஷன், பிறகு நீட் கோச்சிங், தேறாவிட்டால் இன்னொரு வருஷம் ரிப்பீட்டர், அதுவும் முடியாவிட்டால் மேனேஜ்மென்ட் சீட். வசதியான வீட்டுக்குப் பல வாய்ப்பு, வசதி இல்லாத வீட்டுக்கு ஒரே வாய்ப்பு. இதில் யாரும் தப்பு செய்யவில்லை. ஆனால் எல்லோரும் தங்கள் பிள்ளைக்கு நல்லது செய்வதன் மொத்த விளைவு, வரிசை அப்படியே இருப்பது.

வரிசையைத் தொடும் திட்டத்துக்கும் தொடாத திட்டத்துக்கும் கிடைக்கும் வரவேற்பும் வேறு வேறு. காலை உணவு யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை, பெரிதாக யாரும் எதிர்க்கவில்லை. நீட் கட்டாயமான பிறகு மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்ததால், 2020இல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்துச் சட்டம் போட்டது. மதுரை மருத்துவக் கல்லூரி உட்பட எல்லா இடத்திலும் அந்த இடங்கள் ஏற்கனவே இருந்த எண்ணிக்கைக்குள்ளிருந்துதான் வந்தன. அதை எதிர்த்து வழக்கு போட்டார்கள். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.